தோளை இறக்கு

மாரிசெல்வியின் தலைவலிக்கு வைத்தியம் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. எதிர்வீட்டுக் குருவம்மாள் சுக்கை உரசிப் பற்றுப் போட்டுவிட்டாள். பால்காரர் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து வேது பிடிக்கச் சொன்னார். தையல்காரர் கண்ணாடி போட்டால் தீரும் என்றார். கண்ணாடியும் போட்டுப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்க வசதியாக இருந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

அவளுடைய வீட்டுக்காரன் ராஜபாண்டியனுக்குத்தான் ஒரு வைத்தியமும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மாவு. வீட்டை ஒட்டித் தகரம் இறக்கிய கடையில், வெயில் தாழ்ந்ததும் எண்ணெய்ப் புரோட்டா போட ஆரம்பிப்பான். மாவை அவன் பலகையில் அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் தெருவில் விளக்குப் போடுவார்கள். வீசினால் மாவு வேட்டித் துணிபோல் விரியும். அதற்காகவே ஆனைக்குட்டத்திலிருந்து பைக்கில் ஆள் வரும்.

மாரிசெல்வி வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சங்குசக்கரம் சுற்றினாள். மருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாயை ஒரு சின்ன வில்லையைச் சுற்றிச் சுருட்டி, நுனியில் பசை தொட்டு ஒட்டவேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தலையை நிமிர்த்த வேலையே இல்லை. ஆவணி பிறந்து தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டால், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது நிமிர்வதுதான் நிமிர்வது. காலையில் கம்பெனி வேன், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் வந்து நிற்கும். ஊர்ப் பெண்கள் வேலிக்கருவைக்கு நடுவே நடந்துபோய் ஏறுவார்கள். சாயங்காலம் அதே விலக்கில் இறங்கி நடந்து வருவார்கள். முன்பெல்லாம் மாரிசெல்வி வருவதற்கு முன்னால் அவள் சிரிப்பு கடைக்கு வந்துவிடும். இப்போது நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல் கூட்டத்தில் கடைசி ஆளாக வந்தாள்.

"எங்கன வலிக்குது புள்ள?" என்று ராஜபாண்டியன் கேட்டான்.

"எங்கனன்னு சொல்ல? பிடரியில தொடங்கும். அப்பிடியே ரெண்டு பொட்டுக்கும் ஏறும். தலையச் சுத்தி ஈரத்துண்டக் கட்டி, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு முறுக்குற மாதிரி."

"குத்துதா?"

"குத்துனா குத்துதுன்னு சொல்ல மாட்டனா? இறுக்குது."

பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கினாள். முதலில் அரை போதுமாக இருந்தது. பிறகு முழுசு. பிறகு காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. மாத்திரை இல்லாத நாளில் வேனில் ஏறவே பயந்தாள்.

மகள் அழகுமீனா சிவகாசியில் காலேஜ் படிக்கிறவள். ஒரு நாள் அம்மா கம்பெனிக்குப் போன பிறகு போனில் தேடிப் பார்த்து, தலைவலி எதனாலெல்லாம் வரும் என்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். வரிசையாக என்னென்னவோ சொன்னாள். ராஜபாண்டியன் காதில் அதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. கட்டி.

அன்றிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். விடியுமுன் எழுந்து குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்தான். பாத்திரம் விளக்கினான். சும்மா கிடந்த புதன்கிழமையில் ஆட்டுக்கறி எடுத்தான். சாத்தூருக்கு மைதா வாங்கப் போனவன் மல்லிகைப் பூவும் வெள்ளரிக்காயும் வாங்கி வந்தான். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தையே பார்த்தான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் மாரிசெல்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசல் கூட்டிக்கொண்டிருந்த அவன் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கினாள்.

"ஏங்க, நில்லுங்க. என்ன தப்புப் பண்ணுனீக?"

"நான் என்ன பண்ணேன்?"

"தண்ணி பிடிக்கீக. பூ வாங்குறீக. நேத்து எங்கம்மாவுக்குப் போன் போட்டு நல்லாருக்கீகளான்னு கேட்டீகளாம். கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு நா கேட்டிருக்கீகளா? அவுக பயந்துபோயி எனக்குப் போன் போடுறாக. யாரு அவ? சொல்லிருங்க."

"எவளும் இல்ல புள்ள." அவன் தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். "மீனா போன்ல பாத்துச்சு. தலைக்குள்ள... கட்டி கிட்டி இருந்தாலும் இப்பிடி வலிக்குமாம்."

மாரிசெல்வி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஏ மனுசா, சிரிக்க வைக்காதீக, வலிக்குது. அப்ப அந்தக் கறி எனக்குக் கடைசிக் கறியா? அதுலயும் பாதி எலும்பு. சாகப்போறவளுக்குன்னு சொல்லிக் கேட்டிருந்தா நெஞ்சுக்கறியா குடுத்திருப்பான்ல?"

வாசலில் நின்ற அழகுமீனாவுக்கும் சிரிப்பு. ராஜபாண்டியன் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிரித்து முடித்ததும் மாரிசெல்வி அவன் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க. எனக்கும் அந்தப் பயந்தான். சொன்னா நீங்க ஒடிஞ்சு போவீகன்னு வாயத் தொறக்கல."

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் சிவகாசிக்கு பஸ் ஏறினார்கள். டாக்டரம்மா அவசரப்படாத ஆள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். வாந்தி வந்ததா, பார்வை மங்கியதா, கை கால் மரத்ததா, பேச்சு குழறியதா, திடீரென்று வெடித்த மாதிரி எப்போதாவது வலித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் மாரிசெல்வி. கேட்காத கேள்விக்கும் சேர்த்து இல்லை இல்லை என்று தலையாட்டினான் ராஜபாண்டியன்.

"இது இறுக்கத்துனால வர்ற தலைவலிம்மா. நிறையப் பேருக்கு வர்றதுதான். பயப்பட ஒண்ணும் இல்ல."

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவமா டாக்டர்?" என்று அவன் கெஞ்சினான். "உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டா நிம்மதியா இருக்கும்."

"உள்ள மூளை இருக்கும். இப்ப நான் கேட்டேன்ல, அதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, எடுப்போம். இப்பத் தேவையில்ல. தினமும் மாத்திரை போடுறீங்கள்ல, அத மொதல்ல நிறுத்தணும். விடாமப் போட்டா அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டுவரும். நிறுத்துனதும் கொஞ்ச நாள் கூடுதலா வலிக்கும், அப்புறம் விடும்."

பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே பிரீத்தி என்று ஒரு பெண். ராஜபாண்டியனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து திடீரென்று, "அடியாத்தீ!" என்று அலறல். அடுத்த நொடி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே நின்றான்.

மாரிசெல்வி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிரீத்தியின் இரண்டு பெருவிரலும் அவள் பிடரியில், மண்டையோடு கழுத்து சேரும் குழியில் இருந்தன.

"ஏங்க, இந்தப் பிள்ள இங்கன அமுக்குது, எனக்குப் பொட்டுல வலிக்குது!" என்றாள் அதிசயமாக. "அதே வலி! வேன்ல வரும்போது வருமே, அதே வலி!"

"இங்கதான் ஒளிஞ்சிருக்கு," என்று பிரீத்தி சிரித்தாள். "வந்துட்டீங்கள்ல, நீங்களும் உக்காருங்கண்ணே. அக்கா, கம்பெனியில எப்படி உக்காருவீங்க, காட்டுங்க."

மாரிசெல்வி தரையில் சம்மணம் போட்டாள். தலை தானாகக் குனிந்தது. கை தானாகக் காற்றில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

"அப்படியே இருங்க. இப்பத் தோளை இறக்குங்க."

"இறக்கித்தான இருக்கேன்."

"இல்லக்கா, இன்னும் இறக்குங்க."

"இதுக்கு மேல இறக்கணும்னா கையக் களட்டித்தான் வைக்கணும்."

பிரீத்தி அவளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டே தோளைக் காது வரைக்கும் தூக்கச் சொன்னாள். கொஞ்சம் பிடித்து வைத்து, மூச்சோடு சேர்த்து ஒரேயடியாகப் போடச் சொன்னாள். மூன்றாம் தடவை போட்டபோது தோள் முதலில் இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. அதைவிட ஒரு விரற்கடை கீழே போய் நின்றது. கழுத்து நீளமாகத் தெரிந்தது. தாலிச் சரடு இறங்கி வேறு இடத்தில் கிடந்தது.

"ஆத்தாடி," என்றாள் மாரிசெல்வி கண்ணாடியைப் பார்த்து. "இம்புட்டு தூக்கியா வச்சிருந்தேன்?"

"எப்ப இருந்துக்கா இப்படி?"

அவளுக்குத் தெரியவில்லை. ராஜபாண்டியனுக்குத் தெரிந்தது.

மூன்று வருசத்துக்கு முன் ஒரு பங்குனி மத்தியானம், அவளுடைய கம்பெனி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கம்பெனியில் ஒரு அறை வெடித்தது. மாரிசெல்வி இருந்த அறைக்கு ஒன்றும் இல்லை. செருப்பில்லாமல் பருத்திக்காட்டு வழியாக ஓடி வந்து சேர்ந்தாள். உள்ளங்காலில் முள் எடுத்ததோடு சரி. மாரிக்கு ஒண்ணும் ஆகல, அம்மன் காப்பாத்திட்டா என்று ஊரே சொன்னது. அவனும் சொன்னான். கம்பெனி திறந்ததும் வேனில் ஏறிப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அடுப்படியில் ஒரு மூடி விழுந்தால்கூட அவள் தோள் காதுக்கு ஏறுவதை அவன் பார்த்திருக்கிறான். ஏறியது இறங்கியதா என்று பார்த்ததில்லை.

"அந்தச் சத்தம் கேட்ட நாள்ல இருந்துதாம்மா," என்று மெதுவாகச் சொன்னான்.

மாரிசெல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அது முடிஞ்சு போச்சேங்க. அதுக்கும் தலைவலிக்கும் என்ன?"

பிரீத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "டமார்னு ஒரு சத்தம் கேட்டா நாம என்ன பண்ணுவோம்? தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ள இழுத்துக்குவோம், ஆமை மாதிரி. சத்தம் போனதும் இறக்கிரணும். நீங்க இறக்கவே இல்ல. அதோட நாள் பூராக் குனிஞ்ச வேலை. இந்தக் கழுத்துத் தசைக்கு லீவே கிடையாது, எந்நேரமும் டூட்டி. இது மண்டைக்குப் பின்னாடிதான் ஒட்டியிருக்கு. இறுகி இறுகி மண்டையை இழுக்குது. இறுக்கம் இங்க, வலி நெத்தியில. ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?"

"இல்லையே," என்றாள் மாரிசெல்வி.

"கடிப்பா," என்றான் ராஜபாண்டியன். "பக்கத்துல படுத்தா அரவை மில்லுல படுத்த மாதிரி இருக்கும்."

"இத எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"கோவத்துல என்னயத்தான் கடிக்கன்னு நெனச்சேன்."

பிரீத்தி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு வெந்நீர்த் துண்டு ஒத்தடம், தாடையை உள்ளே இழுத்து ரெட்டைத்தாடை வைப்பது, அடிக்கடி எழுந்து நிற்பது, வேலையைத் தரையில் வைக்காமல் மணைக்கட்டை மாதிரி ஏதாவதன் மேல் உயர்த்தி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். ராஜபாண்டியனைக் கூப்பிட்டுப் பிடரியை அமுக்கச் சொன்னாள். அவன் கை வைத்ததும் மாரிசெல்வி மறுபடி அலறினாள்.

"அண்ணே, அண்ணே! அது மாவு இல்ல!"

"மாவுன்னா இப்படி அமுக்க மாட்டேம்மா," என்றான் அவன் வெட்கப்பட்டு. பிறகு அவள் கழுத்தில் விரலை வைத்தபடியே யோசித்தான். "பிசஞ்ச உடனே மாவு இப்படித்தான் இருக்கும். இழுத்தா விரியாது, சுருங்கிக்கும். பலமா இழுத்தாக் கிளிஞ்சிரும். எண்ணெயத் தடவி, ஈரத்துணியப் போட்டு ஊற விட்டுரணும். அப்புறம் அது தன்னாலயே நம்ம கைக்கு வரும்."

"அதேதாண்ணே. அதத்தான் இவ்வளவு நேரமாச் சொல்றேன்."

"அப்பத் தெரியும்," என்றான் ராஜபாண்டியன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகம் தெளிந்தது. பஸ் ஸ்டாண்டில் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தான். "இது எதுக்கு, கடைசிப் பாலா?" என்று கேட்டுக்கொண்டே குடித்தாள் மாரிசெல்வி.

டாக்டரம்மா சொன்னபடியே, மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் வீடு வீடாக இல்லை. வலி இரண்டு மடங்காக வந்தது. தட்டு பறந்தது. அழகுமீனா போனைக் கையில் எடுத்தாலே திட்டு விழுந்தது. லீவு போட்டுப் படுத்த அன்றைக்கு, "அந்த டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரியல, ஒரு மாத்திரை குடுங்க," என்று அழுதாள். ராஜபாண்டியன் கொடுக்கவில்லை. துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து பிடரியில் போட்டான். ஆறினதும் மறுபடி நனைத்தான். பிறகு நல்லெண்ணெய் தொட்டு, பெருவிரலால், மாவு ஊறிவிட்டதா என்று பார்க்கிற அழுத்தத்தில் மட்டும் அமுக்கினான். தோளிலிருந்து ஏறி, காதுக்குப் பின்னால் சுற்றி, குழியில் வந்து நின்றான். அலறல் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம்," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம் குருவம்மாள் கடைக்கு வந்து, பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். கம்பெனியில் மாரிசெல்விக்குப் பக்கத்து இடம் அவளுக்கு.

"கொளுந்தனாரே, ஒம்ம பொண்டாட்டி கம்பெனியக் கெடுத்துட்டா, தெரியுமா?"

"என்ன மதினி ஆச்சு?"

"இவ பாட்டுக்குத் தோளத் தூக்குறா, பொத்துனு போடுறா. தாடைய உள்ள இழுக்குறா. என்னடின்னு கேட்டேன். சொன்னா. எனக்கும் களுத்துல கல்லு வச்ச மாதிரித்தான இருக்கு, நானும் செஞ்சேன். என்னயப் பாத்து அடுத்தவ. அறையில நாலே பேரு, நாலும் செய்யுதோம். வெளிய மரத்தடியில சாப்பிட வந்தா, விசயம் பரவி, இருவது பேரு வரிசையா ரெட்டைத்தாடை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்நேரம் பாத்து போர்மேன் வாராரு."

"அய்யய்யோ."

"மனுசன் மூஞ்சி சுண்டிப் போச்சு. அவருக்கு ஏற்கெனவே ரெண்டு தாடை. நாங்க கேலி பண்ணுதோம்னு நெனச்சுட்டாரு. 'யாரு இத ஆரம்பிச்சது'ன்னு கத்துறாரு. ஒருத்தி வாயத் தொறக்கல. மாரிதான் எந்திரிச்சா. 'அண்ணாச்சி, கோவப்படாதீக, ஒங்க தோளு எங்கன இருக்குன்னு பாருங்க'ன்னா. பாக்காரு, காதுகிட்ட நிக்குது! இவ சொல்லச் சொல்ல அவரும் தூக்கிப் போட்டாரு. மூணாந்தரம் போட்டதும் மனுசன் அப்பிடியே மரத்துல சாஞ்சுட்டாரு. 'ஏம்மா, லோடு லோடுன்னு எனக்கும் தெனம் தலவலிதாம்மா'ங்காரு. மத்தியானம் எங்க எல்லாருக்கும் வடை."

"மணக்கட்டை கேட்டாளா?"

"கேட்டா. ஆளுக்கொண்ணு போட்டுத் தாரேன்னிருக்காரு. சரி, எனக்கு நாலு புரோட்டா வையும். பிடரிக்கும் அந்த நல்லெண்ணெய் வைத்தியம் உண்டா?"

"அது வீட்டாளுக்கு மட்டுந்தான் மதினி."

குருவம்மாள் அடித்த சிரிப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வலி ஒரேயடியாக ஓடிவிடவில்லை. ஆர்டர் நெருக்குகிற நாளில் எட்டிப் பார்த்தது. ஆனால் துண்டு நெற்றியிலிருந்து தோளுக்கு இறங்கியது. மாரிசெல்வி சாயங்காலம் கடைக்கு வந்து வெங்காயம் நறுக்கினாள். சால்னாவில் உப்புப் போதவில்லை என்று சண்டை போட்டாள். கொதிக்கிற சால்னாவைவிட அந்தச் சண்டை கடைக்கு வாசனையாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள். மேற்கே மேகம் கறுத்து, கரிசல் காட்டிலிருந்து மழை வருகிற மண்வாசனை அடித்தது. ராஜபாண்டியன் அன்றைய முதல் மாவை வீசிக்கொண்டிருந்தான். தெருமுனையில் கம்பெனி வேன் திரும்புவது தெரிந்தது.

கம்பெனி வேன் ஊருக்குள் வராது. விலக்கோடு சரி. அது தெருவுக்குள் வந்தால் எங்கோ வெடித்திருக்கிறது; யாரையோ கொண்டுவருகிறது, அல்லது யாரையோ கூட்டிப்போக வருகிறது. அந்தப் பக்கத்து ஊர்களில் அதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டாம். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து பெண்கள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தார்கள். வேன் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. எந்த வீட்டிலும் நிற்காமல் அவன் கடையைப் பார்த்தே வந்தது.

அவன் ஓடினான். கையில் விரித்த மாவு தொங்குவதுகூடத் தெரியாமல் ஓடினான். "மாரி!" என்று கத்தினான்.

வேன் ஜன்னலில் குருவம்மாளின் முகம் தெரிந்தது. ஒரு விரல் உதட்டின் மேல் இருந்தது.

"உஸ்ஸ்! சத்தம் போடாதேயும்."

"என்ன ஆச்சு மதினி? என்ன ஆச்சு அவளுக்கு?"

"உறங்குதா."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மாரிசெல்வி குருவம்மாளின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டை வந்தது. கை இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. தோள், போட்ட இடத்தில் கிடந்தது. மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனி கேட்டத் தாண்டுனதும் சாஞ்சா," என்று குருவம்மாள் குசுகுசுத்தாள். "ரோட்டுல லாரிக்காரன் ஆரன் அடிக்கான், இவ அசையல. மூணு வருசமா வேன்ல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வெறச்சுப் போயி உக்காந்து வாரவ. விலக்கு வந்துச்சு, எவளுக்கும் எளுப்ப மனசு வரல. மணியண்ணங்கிட்ட சொன்னோம், உள்ளயே விட்டுட்டாரு."

டிரைவர் மணிகண்டராஜ் தலையைச் சொறிந்தார். "பயந்துட்டீகளோ? எனக்குத் தோணவே இல்லண்ணே. இவுக எல்லாரும் கையக் காட்டிப் போ போன்னாக..."

ராஜபாண்டியனுக்குச் சிரிக்க வந்தது. அழுகைதான் முதலில் வந்தது. மாவு ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்தான். தெருவில் ஒவ்வொரு வாசலாகச் செய்தி போய், குடத்தை எடுக்கிற சத்தம் கேட்டது.

"எளுப்பவா?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம்." அவன் டிரைவர் பக்கம் ஓடினான். "மணி, ஒரு உதவி பண்ணு. எஞ்சின நிறுத்தாத. நிறுத்துனா முளிச்சிருவா. அப்பிடியே கண்மாய்க் கரை வரைக்கும் போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வா. மெதுவாப் போ. கோயிலத் தாண்டி ஒரு பள்ளம் கெடக்கு, அதப் பாத்து விடு."

"அப்ப எங்க வீட்டுல ஒலை வைக்கிறது யாரு?" என்றாள் பின்னால் ஒருத்தி, அதுவும் குசுகுசுவென்று.

"யாரும் வைக்க வேண்டாம். வண்டியில எத்தன பேரு இருக்கீகளோ எல்லாருக்கும் இங்கனதான் புரோட்டா."

வேன் சத்தமில்லாமல் நகர்ந்தது. ஜன்னலில் ஒரு கை நீண்டு, எனக்கு நாலு என்று விரல் காட்டியது. அது குருவம்மாளின் கை. வண்டி கோயில் பக்கம் திரும்பி, பள்ளத்துக்கு முன்னால் பிரேக் விளக்கு எரிந்து, ஒருபக்கமாக ஒதுங்கி ஏறிப் போகிறதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் மழைத்துளி அவன் கழுத்தில் விழுந்தது.

"மீனா!" என்று கத்திக்கொண்டே கடைக்கு ஓடினான். "அடுப்பத் தூண்டிவிடுத்தா! மாவ எடு!"